நாலு சக்கர அடுப்பு

பழைய பொருள்களிடம் பற்று வைத்தவர்களை உலகம் இரண்டு விதமாக நடத்துகிறது. பழைய வெண்கலப் பானை, பழைய ஓலைச் சுவடி, பழைய வீணை ஆகியவற்றை வைத்திருப்பவரை, "ரசிகர்!" என்று கொண்டாடுகிறது. பழைய மோட்டார் வண்டியை வைத்திருப்பவரைப் பார்த்தால், "இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்கிறது. கேட்பவர் குரலில் ஆச்சரியத்தைவிட அனுதாபம்தான் அதிகம்.

என்னிடம் இருப்பது 1965-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கேலொட்டி உருவம் வரைந்து கொடுக்க, 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த வண்டி அது. 1961-ல் சென்னைக்கு வந்து பெயரில் பாதியை மாற்றிக்கொண்டது. வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் இருந்த தொழிற்சாலையில்தான் என் வண்டியும் ஜனித்தது. அந்தத் தொழிற்சாலையில் 1988-க்குப் பிறகு கார் செய்யவில்லை. ஆனால் அங்கிருந்து மேற்கே போகும் வாலாஜாபாத் சாலையில் சென்றால், படப்பை தாண்டி ஒரகடத்திலும், அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூரிலும், இருங்காட்டுக்கோட்டையிலும் இன்று கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பொரி பொரிவதுபோலப் பிறந்துகொண்டிருக்கின்றன. என் வண்டி அந்தச் சாலையில் போகும்போதெல்லாம், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குள் நுழையும் கிழவியைப்போல எனக்குத் தோன்றும். எல்லாரும் வழிவிடுகிறார்கள், பின்னால் நின்று ஹாரனும் அடிக்கிறார்கள்.

மாதம் ஒரு தடவையாவது நானும் என் மனைவியும் தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குப் போவது வழக்கம். என் தங்கை மகன் அங்கே ஒரு வாகனத் தொழிற்சாலையில் பொறியாளனாக இருக்கிறான். அவனுக்கு வேலை என்ன தெரியுமா? புது வண்டிகளின் குளிர்சாதனம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது! ஒரு பெரிய அறைக்குள் வண்டியை நிறுத்தி, மேலே சூரியனுக்குப் பதில் பெரிய விளக்குகளை எரியவிட்டு, உள்ளே வெந்துபோகும்படி செய்து, பிறகு எத்தனை நிமிஷத்தில் குளிர்கிறது என்று கணக்கெடுப்பான். சம்பளம் கொடுத்து வெயிலை உண்டாக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"மாமா, உங்கள் வண்டியை எங்கள் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது போகும் இடமெல்லாம் அந்த அறையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது" என்றான் ஒரு நாள்.

அதில் மிகை ஒன்றுமில்லை. அக்னி நட்சத்திரத்தில், பகல் பதினோரு மணிக்கு, மண்ணிவாக்கம் தாண்டுவதற்குள் என் வலது கால் வெந்துவிடும். கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் தோசைக்கல்லின் ஞாபகம் வரும். படப்பை வரும்போது என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தலை வலிக்கிறது" என்பாள். "வெயில்" என்பேன் நான். உலகத்திலுள்ள எல்லாத் தலைவலிகளுக்கும் வெயில் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் வைத்தியம் சுலபமாகிவிடுகிறது அல்லவா?

வண்டி சுடுகிறது என்ற செய்தி சிநேகிதர்களிடையே பரவியதும் யோசனைகள் வந்து குவிந்தன. ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் ஒருவர். கேட்க மணமாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் பாலைவனப் பிரதேசங்களில் ஒரு காலத்தில் இதே தத்துவப்படி, தண்ணீர் ஊற்றிய தகர உருளையைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொண்டு ஓட்டினார்களாம். வறண்ட காற்று தண்ணீரை உறிஞ்சும்போது குளிர்கிறது. டில்லிக் கோடையில் அது சரி. சென்னைக் காற்றோ கடற்கரையிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது. அதற்கு மேலும் தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது ஈரச் சட்டைதான்.

கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டச் சொன்னார் இன்னொருவர். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்ட சங்கதி அவருக்குத் தெரியாது. முன்னும் பின்னும் உள்ள கண்ணாடிகள் 70 சதவிகிதமும், பக்கத்துக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. முகத்தை மறைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

மூன்றாமவர், "குளிர்சாதனமே வைத்துவிடுங்கள்" என்றார். 1940-ஆம் வருஷத்து மாடலில் அமெரிக்கப் பாக்கார்டு கம்பெனி முதன் முதலாகக் காரில் குளிர்சாதனம் வைத்துக் கொடுத்தபோது, அது டிக்கியில் பாதி இடத்தை விழுங்கிவிட்டது. இப்போது கருவி சிறுத்துவிட்டது, பசி போகவில்லை. என் வண்டியின் இன்ஜின் வெறும் 948 சி.சி. அதிலிருந்து இரண்டு மூன்று குதிரைகளை அவிழ்த்துக் குளிர்சாதனத்தில் பூட்டிவிட்டால், மேம்பாலம் ஏறும்போது மீதிக் குதிரைகளுக்குத் துணையாக நானும் என் மனைவியும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பழைய டைனமோவும் அத்தனை மின்சாரத்துக்கு ஈடு கொடுக்காது.

கடைசியில் படப்பையில் ஒரு பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சாலை ஓரத்தில் புளிய மரத்தடியில் பட்டறை வைத்திருக்கிறார். வாலிப வயதில் ஹெரால்டு வண்டிகளையே அக்கக்காகக் கழற்றிப் பூட்டியவர். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், ராத்திரியிலே ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"ராத்திரியில் எதற்கு?"

"ராத்திரியிலே சூரியன் இல்லை பாருங்க. அப்பவும் சுட்டா, சூடு வேறே எங்கிருந்தோ வருது. சுடலைன்னா சூரியன்தான். முதல்லே திருடன் வெளியூரா, வீட்டுக்குள்ளேயே இருக்கானான்னு தெரியணும்."

அன்று இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன். வானத்தில் நிலா, காலடியில் அடுப்பு. திருடன் வீட்டுக்குள்ளேதான் இருந்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் பெட்ரோலில் சுமார் கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. பாக்கியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதியை ரேடியேட்டர் வெளியே தள்ளுகிறது. இன்னொரு பகுதி சைலன்சர் குழாய் வழியாகப் புகையோடு போகிறது. ஆக, மோட்டார் வண்டி என்பது முக்கியமாக ஓர் அடுப்பு; உபதொழிலாகக் கொஞ்சம் ஓடவும் செய்கிறது. அந்த அடுப்புக்கும் நம்முடைய கால்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அதில் எத்தனை துவாரம் இருக்கிறதோ, அத்தனை துவாரத்தின் வழியாகவும் அடுப்பு நம்மை எட்டிப் பார்க்கிறது.

எத்தனை துவாரம் என்று கண்டுபிடிக்க மேஸ்திரி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மறுநாள் இருட்டிய பிறகு வரச் சொன்னார். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறந்துகொள்ளும். அதைத் திறந்து, இன்ஜின் பக்கத்தில் ஒரு கைவிளக்கை எரியவிட்டு மூடினார். பட்டறை விளக்கை அணைத்தார். "இப்ப உள்ளே உட்கார்ந்து குனிஞ்சு பாருங்க, சார்" என்றார்.

பார்த்தேன். கால் வைக்கும் இடத்தில் நட்சத்திரங்கள்! ஹாரன் கம்பிக்காக யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் போட்டு, பிறகு மறந்துபோன துவாரம் ஒரு நட்சத்திரம். ரேடியோவுக்காகப் போட்ட துவாரம் இன்னொன்று. கம்பிகளைச் சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் அறுபது வருஷத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்து, அங்கெல்லாம் சின்னச் சின்னப் பிறைகள். கியர் பாக்ஸின் மேல் கவிழ்த்த மூடி இந்த வண்டியில் தனித் துண்டு. திருகாணி போட்டுப் பொருத்துவது. அதன் விளிம்பு நெடுகப் பால்வீதி! கட்டினவர்கள் மேல் குற்றமில்லை. அறுபது வயதில் நம் வாயில் எத்தனை பல் அசையாமல் இருக்கிறது?

"அக்னி நட்சத்திரம் ஆகாசத்திலே இருக்குன்னு நினைச்சோம். இங்கேயில்லே இருக்கு!" என்று மேஸ்திரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குத் தலைவலி வருதுன்னீங்களே, எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வண்டியில் அரை மணி போனதும்."

"இறங்கினா?"

"கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்."

அவர் படுதாவை விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்து, சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்க வேண்டிய வளையம் வெடித்திருப்பதைக் காட்டினார். அந்த இடத்தைச் சுற்றிலும் கரி படிந்திருந்தது. "சூடு மட்டும் வரலை, சார். புகையும் வருது" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைப்போல 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெப்பத்துக்காவது ஒரு மரியாதை உண்டு. வரும்போதே சுட்டுச் சொல்லிவிட்டு வருகிறது. அதோடு கைகோர்த்துக்கொண்டு வரும் இந்த விருந்தாளி வாயே திறப்பதில்லை. கால் சுட்டதால் அல்லவா நான் மேஸ்திரியிடம் போனேன்? கால் சுடாமல் தலைவலி மட்டும் வந்திருந்தால், இன்றைக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்போம்.

இன்னொரு விநோதத்தையும் மேஸ்திரி விளக்கினார். புழுங்குகிறதே என்று ஜன்னல் கண்ணாடிகளை முழுவதும் இறக்கிக்கொண்டு வேகமாகப் போனால், சூடும் புகையும் குறைவதற்குப் பதில் கூடினாலும் கூடுமாம். "கூடத்து ஜன்னலைத் திறந்து வச்சா, சமையல்கட்டுப் புகையெல்லாம் கூடத்துக்குத்தானே வரும்?" என்றார். வேகமாக ஓடும் வண்டியின் ஜன்னல், உள்ளேயிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. போன காற்றின் இடத்தை நிரப்ப, தகட்டுத் துவாரங்கள் வழியாக இன்ஜின் பக்கத்துக் காற்று வருகிறது. ஆகையால் காற்று முன்னாலிருந்து வர வேண்டும். பழைய வண்டிகளின் முன் கதவுகளில் முக்கோணக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே, அதை நன்றாகத் திருப்பி எதிர்காற்றைப் பார்க்க வைத்தால், வெளிக்காற்றை அள்ளி உள்ளே கொட்டும். எத்தனை புத்திசாலித்தனமான சிறு கண்ணாடி! புது வண்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள். குளிர்சாதனம் வந்த பிறகு காற்றிடம் யாருக்கு என்ன தயவு?

வைத்தியம் நாலு நாள் நடந்தது. முதலில் சைலன்சர் வளையத்தை மாற்றினார். அடுத்தது இன்ஜின். நெருப்புப் பொறி விழும் நேரம் பிந்திப் போயிருந்தது. பொறி பிந்தினால் பெட்ரோல் வேலை செய்ய வேண்டிய இடத்தில் எரியாமல், வெளியே போகும் வழியிலும் எரிந்துகொண்டே போகிறது; குழாய் பழுக்கிறது. அதைச் சரி செய்தார். வருஷக்கணக்காக ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்து உள்ளே காரை கட்டியிருந்த ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். "அடுப்பைத் தணிக்காமே சுவருக்கு மெத்தை தைச்சு என்ன பிரயோசனம்?" என்பது அவருடைய சித்தாந்தம்.

அதற்குப் பிறகுதான் துவாரங்கள். உபயோகமில்லாதவற்றுக்குத் தகடு வைத்து அடைத்தார். உபயோகமுள்ளவற்றுக்குப் புது ரப்பர் வளையம் போட்டார். கியர் பாக்ஸ் மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை வைத்து, விட்டுப்போன திருகாணிகளைத் தேடிப் போட்டு முடுக்கினார். மறுபடியும் கைவிளக்கை வைத்துப் பார்த்தோம். நட்சத்திரங்கள் மறைந்து அமாவாசை ஆகியிருந்தது.

சைலன்சர் குழாய்க்கும் தரைக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகட்டை, இரண்டையும் தொடாமல், விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார். வெயிலில் நிற்பவனுக்குக் குடை எப்படியோ அப்படி. தகடு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. நடுவிலுள்ள காற்று மீதியை அடித்துக்கொண்டு போகிறது. முன்காலத்தில் இந்த மாதிரி இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவார்கள். அந்தத் தூள் நுரையீரலில் புகுந்தால் விளையும் கேடு இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அதன் பக்கமே போகவில்லை. உள்ளே தரையில் கம்பளி ஃபெல்ட்டு விரித்து, அதன்மேல் மிதியடி போட்டார்.

கடைசியாகத்தான் சூரியன். நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் கொட்டும் சக்தி கிட்டத்தட்ட 1,000 வாட். இஸ்திரிப் பெட்டி ஒன்றுக்குச் சமானம். வண்டியின் மேற்கூரையில் இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு நாம் பயணம் செய்கிறோம். கூரைத் துணிக்கு உள்ளே மெத்தென்ற தக்கை ஒன்றை ஒட்டி, மேலே வெள்ளை வர்ணம் பூசச் சொன்னேன். வெள்ளை வேஷ்டியின் பெருமையை நம் முன்னோர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

செலவு, குளிர்சாதனத்துக்கு ஆகக்கூடியதில் ஒரு சிறு பங்குதான். அடுத்த வாரம் அதே பதினோரு மணிக்கு அதே சாலையில் போனோம். வண்டிக்குள் குளிர்ந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். வெளியே என்ன வெயிலோ அதுதான் உள்ளேயும். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைக்க முடிந்தது. படப்பை வந்தது, போயிற்று. என் மனைவி தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. "அந்தப் புளிய மரம் நல்ல மரம்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரகடம் சந்திப்பில் வண்டிகள் தேங்கி நின்றன. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாரி. அதன் டிரைவர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வண்டியைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"உள்ளே சூடு வராதா, ஐயா?"

"வந்தது. இப்போது அடைத்துவிட்டேன். உங்களுக்கு?"

"எங்களுக்கு இன்ஜின்தான் பக்கத்து சீட்டு" என்றார். "ராத்திரியிலே தூங்குறதும் அதன் மேலேதான்."

அவர் ஓசூரிலிருந்து வருவதாகச் சொன்னார். சரக்கு இறக்கிய பிறகு திரும்ப அதே தூரம் போக வேண்டும். நான் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பட்டதை, இவர் தினம் பத்து மணி நேரம் படுகிறார். நம்முடைய பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி கொதித்துக்கொண்டிருப்பதையும், கூட்ட நாளில் அதன் மேலேயே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து போவதையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்து, அது அப்படித்தான் என்று பழகிவிட்டோம். வெப்பத்தால் களைத்த மனிதனுக்குக் கண் செருகும். பிரேக்கை மிதிக்க ஒரு கணம் தாமதமாகும். அந்த ஒரு கணத்துக்கு எதிரே நானும் நீங்களும் வந்துகொண்டிருக்கலாம்.

அரசாங்கம் இதைப்பற்றி யோசிக்காமல் இல்லை. 2023 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டார்கள். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில், 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும் ஒவ்வொன்றிலும் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும். நல்ல சட்டம். இதே ஒரகடத்தில் செய்யும் லாரிகளுக்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்த லாரிகள் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. ஈரத் துண்டுகளும் அவற்றோடு நிற்கின்றன. அந்த லாரிகளுக்குப் புதுக் கருவி வாங்கிப் பொருத்த முதலாளிகள் முன்வருவார்களா என்பது வேறு விஷயம். ஒரு கைவிளக்கும், சில ரப்பர் வளையங்களும், ஓர் அலுமினியத் தகடும் வாங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லையே!

அன்று மாலை இதை என் தங்கை மகனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாமா, குளிர்சாதனத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது. அது குளிரை உண்டாக்குவதே இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. தன்னுடைய உழைப்பில் உண்டான வெப்பத்தையும் சேர்த்தே கொட்டுகிறது" என்றான்.

அவன் வீட்டு மாடியிலிருந்து சாலை தெரிந்தது. ஷிப்டு முடிந்த நேரம். நீலச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி ஏற்றிய கார்கள் அவர்களை உரசினாற்போல வரிசையாகப் போயின. ஒவ்வொரு காரும் தன் வெப்பத்தை அவர்கள் மேல் கொட்டிவிட்டுப் போயிற்று. அந்தக் கார்களில் எத்தனையோ அவர்கள் கையால் பூட்டப்பட்டவை. அந்த இடத்தில் ஒரு காலத்தில் மரங்கள் இருந்தன என்று படப்பைக்காரர்கள் சொல்லுகிறார்கள். சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டனவாம்.

வெப்பத்தை யாரும் அழிப்பதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தள்ளிவிடத்தான் முடிகிறது. தள்ளும் சக்தி உள்ளவன் தள்ளுகிறான், இல்லாதவன் வாங்கிக்கொள்கிறான். அது கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு நிழலையாவது வைத்துவிட்டு வந்தால் என்ன? சாலை ஓரத்தில் நட ஒரு புளியங்கன்று என்ன விலை இருக்கும் என்று படப்பை மேஸ்திரியைக் கேட்டேன்.

"விலை எதுக்கு, சார்? கொட்டை கீழே கிடக்கு" என்றார்.